காது, மூக்கு, தொண்டை: திடீரென்று நோ கண்டால் என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் காது நோவுக்கு முதல் வைத்தியர் சட்டைப்பின்தான். அது கைக்கு எட்டாவிட்டால் கோழியிறகு, அதுவும் இல்லையென்றால் ஈர்க்கு, சில வீடுகளில் மோட்டார் சைக்கிள் திறப்பு. இவையெல்லாம் தோற்ற பிறகு உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வருகிறது. அதற்கும் அடங்காமல் இரவு முழுக்க விழித்திருந்து, விடியற்காலையில் தலையணையில் சீழையோ இரத்தத்தையோ கண்ட பிறகுதான் வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வெளிநோயாளர் பிரிவுகளில் தாதியாக நின்று ஓய்வுபெற்றவள் நான். நோய் செய்த சேதத்தைவிட, நோகிற இடத்துக்குள் நுழைத்த பொருள் செய்த சேதம்தான் பெரிதோ என்று பல காலைகளில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் வரியிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நோகிற துவாரத்துக்குள் எதையும் விடாதீர்கள். விரல், பஞ்சுக்குச்சி, எண்ணெய், சுண்ணாம்பு, தாய்ப்பால், எதுவும் வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தைத் தவிர, விதிவிலக்கு மூன்றே மூன்று. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

படி 1: விடியும்வரை பொறுக்கலாமா?

காது, மூக்கு, தொண்டை நோக்களில் மிகப் பெரும்பாலானவை பொறுக்கக்கூடியவை. கீழே இருப்பவை பொறுக்கக்கூடாதவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படிக்காமல் புறப்படுங்கள்.

- மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்றோ விசில் போலவோ சத்தம். படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருத்தல். தன் எச்சிலையே விழுங்க முடியாமல் வாயால் வடிய விடுதல். இப்படி இருக்கும் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், கரண்டி வைத்துத் தொண்டையைப் பார்க்காதீர்கள். பார்க்கப்போய் மூச்சுப்பாதை முழுதாக அடைத்துவிடலாம்.
- வாயை இரண்டு விரல் அகலத்துக்கும் திறக்க முடியாமை, தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் கடும் நோ, சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். டொன்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம்.
- காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கிச் சிவந்து, காது முன்னோக்கித் தள்ளப்பட்டு நிற்பது.
- காது நோவுடன் முகம் ஒரு பக்கம் கோணுதல், அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாமை. அல்லது நோவே இல்லாமல் ஒரு காது திடீரென்று கேளாமல் போவது. இந்த இரண்டுக்கும் மருந்து எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. நாட்கள் கடந்தால் பலன் குறையும்.
- மூக்கடைப்பு, முகநோவுடன் கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது.
- கழுத்தை மடக்க முடியாமை, தாங்க முடியாத தலையிடி, பிதற்றல்.
- தலையில் அடிபட்ட பிறகு காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தண்ணீர் போன்ற தெளிந்த நீரோ வடிதல்.
- பொத்தான் போன்ற சிறு பேட்டரி மூக்கிலோ காதிலோ தொண்டையிலோ போயிருத்தல். ஓரிரு மணி நேரத்திலேயே அது சதையை அரித்துவிடும்.
- மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாரியில் தாம்போதி மேலால் வெள்ளம் பாயத் தொடங்கினால் எந்த அம்பியூலன்ஸும் நினைத்த நேரத்துக்கு வராது. அந்த மாதங்களில் "காலையில் பார்ப்போம்" என்ற முடிவை இரவு பத்து மணிக்கு எடுக்காதீர்கள். பின்னேரம் நான்கு மணிக்கே பிள்ளையை நன்றாகப் பார்த்து, போவதா இருப்பதா என்று தீர்மானித்துவிடுங்கள்.

படி 2: காய்ச்சல் இருக்கிறதா? அப்படியானால் டெங்குவை மறக்காதீர்கள்

தொண்டை நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் வேறு ஊரில் தொண்டையை மட்டும் யோசிக்கலாம். இங்கே, அதிலும் வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பிறகு, அப்படி யோசிக்க முடியாது. டெங்குவும் முதல் இரண்டு நாட்களில் தொண்டை நோ, உடம்பு உளைவு, கண்ணுக்குப் பின்னால் நோ என்று வரக்கூடியது. ஆகவே காய்ச்சல் உள்ளவருக்கு நோ மாத்திரையாக பரசிட்டமோல் மட்டும். இபுபுரூபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேண்டாம். அவை இரத்தக்கசிவை மோசமாக்கும். காது நோ தாங்க முடியவில்லை என்று பாமசியில் "கெட்டியான மாத்திரை ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வாங்குவது இங்கேதான் ஆபத்தாக முடிகிறது. அஸ்பிரின் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு டெங்கு இல்லாவிட்டாலும் கூடாது.

அளவு: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் இல்லை. மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயதைவிட நிறைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியாக இருந்தால் அது 7.5 மில்லிலீற்றர். போத்தலோடு வந்த அளவுகோப்பையால் அளந்து கொடுங்கள். தேத்தண்ணீர்க் கரண்டிகள் வீட்டுக்கு வீடு வேறு. தடிமன் மாத்திரைகள், பாணிகள் பலவற்றுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும், ஆகவே உறையைத் திருப்பிப் படியுங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வயிற்று நோ, விடாத வாந்தி, பல் முரசிலிருந்து இரத்தம், சோர்வு ஆகியவை கண்டால் காய்ச்சல் விட்டிருந்தாலும் வைத்தியசாலைதான். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

படி 3: நோ எங்கிருந்து புறப்படுகிறது?

காது நோகிறது என்றால் வருத்தம் காதில்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காதுக்கு வரும் நரம்புகள் தொண்டைக்கும் நாக்கின் அடிக்கும் பல்லுக்கும் தாடை மூட்டுக்கும் கிளை விடுகின்றன. ஒரே தபாற்பையில் நான்கு வீட்டுக் கடிதங்கள் வந்தால் மூளை எந்த வீட்டுக் கடிதம் என்று தடுமாறும். டொன்சில் வீங்கினால் காது குத்துவதும், டொன்சில் எடுத்த பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்துக் காது நோவதும் இதனால்தான்.

ஒரு டோர்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை மெல்ல அழுத்துங்கள். காதைப் பிடித்து மேலே இழுங்கள். உயிர் போகிறதா? வெளிக்காதுப் பாதையில் தொற்று. அழுத்தினாலும் இழுத்தாலும் மாற்றமில்லாமல் உள்ளே மட்டும் குத்துகிறதா, அதற்குமுன் இரண்டு மூன்று நாள் தடிமன் இருந்ததா? நடுக்காது. வாயைத் திறந்து மூடும்போது காதுக்கு முன்னால் சொடுக்கிக்கொண்டு நோகிறதா? தாடை மூட்டு. கடைவாய்ப் பல்லைக் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டினால் காதுவரை ஏறுகிறதா? பல். விழுங்கும்போது காது குத்துகிறதா? தொண்டை. குனிந்து செருப்பை எடுக்கும்போது கன்னமும் புருவமும் பாரமாக இறங்கி நோகிறதா? முகத்தில் இருக்கும் காற்றறைகள், அதாவது பீனிசம்.

ஒரு சம்பவம். வெற்றிலை போடும் ஐயா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், வலக்காது குத்துகிறது என்று இரண்டு மாதமாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் காதுக்குள் பார்த்தார். காது கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. "வாயைத் திறவுங்கள் ஐயா, நாக்கை நீட்டுங்கள்" என்றார். நாக்கு ஒரு பக்கமாகவே நீண்டது. அடிநாக்கில், வெற்றிலைக் கறைக்கு அடியில், விளிம்பு தடித்த ஒரு புண். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலையும் பாக்கும் அதன் முதற் காரணிகள். காது சுத்தமாக இருந்தும் மூன்று வாரத்துக்கு மேல் ஒரு காது நோகிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, கழுத்தில் கட்டி தெரிகிறது என்றால் காதுச் சொட்டை வைத்துவிட்டு வாயையும் தொண்டையையும் காட்டுங்கள். வெற்றிலை போடுபவர்கள், சுருட்டு பிடிப்பவர்கள் மூன்று வாரம்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

காது

பிள்ளைகளின் காது நோ பெரும்பாலும் நடுக்காது நோதான். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் இறங்குகிறது. ஊத்தேக்கியாவின் குழாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் தடிமன் சளி இலகுவில் காதுவரை ஏறிவிடும். படுக்கும்போது அழுத்தம் கூடும். அதனால்தான் பகலெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளை இரவு பதினொரு மணிக்குக் காதைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறது. பேசத் தெரியாத குழந்தை காதை இழுக்கும், பாலை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அழும்.

செய்ய வேண்டியது: நிறைக்கேற்ற பரசிட்டமோல், தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தல், வெளியே இளஞ்சூட்டுத் துணி ஒத்தடம். பெரும்பாலான நடுக்காது நோ மூன்று நாட்களில் தானாக அடங்கும். அன்டிபயோட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குட்பட்டு இரண்டு காதும் நோகும் பிள்ளை, காது வடியும் பிள்ளை, கடும் காய்ச்சலும் சோர்வும் உள்ள பிள்ளை: இவர்களை அன்றே காட்டுங்கள். மற்றவர்களை மூன்றாம் நாள் குறையாவிட்டால் காட்டலாம்.

நோ திடீரென்று நின்று, காதிலிருந்து சீழ் வந்தால் செவிப்பறை துளைத்துவிட்டது என்று பொருள். தாய்மார் பதறிப்போகும் இடம் இது. உள்ளே நின்ற அழுத்தம் இறங்கியதால்தான் நோ நின்றது. துளையும் பெரும்பாலும் சில வாரங்களில் மூடிவிடும். அதுவரை தண்ணீர் படக்கூடாது. குளிக்கும்போது வாசலீன் தடவிய பஞ்சைத் துவாரத்தின் வாசலில் வையுங்கள். உள்ளி எண்ணெய் விட்டிருந்தால் அது இந்தத் துளை வழியாக நேரே நடுக்காதுக்குள் இறங்கியிருக்கும் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கன்னத்தில் ஓங்கி அடித்தாலும் செவிப்பறை கிழியும். பிள்ளைகளுக்குக் கை நீட்டுபவர்களும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக்காதுத் தொற்று வளர்ந்தவர்களின் நோ. வாவியில் குளித்துவிட்டு, காதுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று எதையாவது விட்டுக் குடைபவர்களுக்கு வரும். நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கல்லடிக் கடலில் நனைந்து வந்த ஒரு பின்னேரம், பஞ்சுக்குச்சியால் ஒரு சுழற்று. அப்போது சொர்க்கமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை காது மடல் தலையணையில் பட்டபோது எழும்பி உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட வாயைத் திறக்க முடியவில்லை, சேலையைத் தலைக்கு மேலால் எடுத்தால்கூட நோ. "பிள்ளைகளுக்கு நீதானே சொல்லிக்கொடுக்கிறாய்" என்று மச்சாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது, அந்தக் காதிலேயே.

காதுக் குறும்பி அழுக்கு அல்ல. தோலைக் காக்கும் மெழுகு. அதைச் சுரண்டி எடுத்தால் ஈரத்தில் தோல் ஊறி, கீறலுக்குள் கிருமி புகும். இதற்குச் சொட்டு மருந்துதான் வைத்தியம், விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் உதவாது. நோவைவிட அரிப்பு கூடுதலாகவும், உள்ளே நனைந்த கடதாசி போல வெள்ளையாகவோ கறுப்புப் புள்ளிகளுடனோ தெரிந்தால் பூஞ்சணம். எங்கள் ஈரக் காலநிலைக்கு அது பிடித்தமான விருந்தாளி. அன்டிபயோட்டிக் சொட்டு விட விட அது வளரும். வீட்டில் பழைய சொட்டுப் போத்தலைத் தேடாதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள். வயதான நீரிழிவு நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காது நோவும் வடிதலும் இருந்தால், தொற்று எலும்புவரை இறங்கியிருக்கலாம். அது உயிராபத்து. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கக்கூடாது.

காதுக்குள் பூச்சி போவது வயல் வாடியில் படுப்பவர்களுக்குப் பழகிய கதை. முதல் விதிவிலக்கு இங்கே. பூச்சி உயிரோடு துடித்துக்கொண்டிருந்தால், காதில் முன்பு துளையோ வடிதலோ சத்திரசிகிச்சையோ இருந்ததில்லை என்றால், உடல் சூட்டளவு தேங்காய் எண்ணெய் சில துளி விடலாம். பூச்சி மூச்சு முட்டிச் செத்துவிடும், துடிப்பு நிற்கும். எடுப்பது வைத்தியசாலையில். வீட்டில் இடுக்கியால் எடுக்கப்போனால் கால் வேறு உடல் வேறாக வரும். அதே எண்ணெயைக் கடலைக்கும் பயறுக்கும் விடாதீர்கள். தண்ணீரும் வேண்டாம், ஈரம் பட்டால் தானியம் ஊதி இறுகும்.

இன்னும் ஒன்று: மலையேறும் பஸ். பதுளைப் பக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைப்பது அழுத்த மாற்றத்தால். டொபி சப்புங்கள், கொட்டாவி விடுங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். பாசிக்குடாவில் சுழியோடுபவர்களுக்கு இந்த அழுத்தம் பல மடங்கு; கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தடிமனோடு சுழியோடினால் செவிப்பறை கிழியலாம்.

தொண்டை

தொண்டை நோவில் பெரும்பங்கு வைரஸால் வருவது. தும்மல், மூக்கோட்டம், இருமல், குரலடைப்பு கூடவே இருந்தால் அனேகமாக அதுதான். ஒரு வாரத்தில் போகும். அன்டிபயோட்டிக் அதை ஒரு நாளும் குறைக்காது. "போன தடவை இந்தக் கப்சூலில்தான் சுகமானது" என்று வெற்று அட்டையைக் கொண்டுவந்து நீட்டுபவர்களிடம் நான் சொல்வது, அந்தத் தடவையும் அது தானாகவே சுகமாகியிருக்கும் என்பதைத்தான். நம்புபவர்கள் குறைவு.

பக்டீரியாவால், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகொக்கஸால் வருவது வேறு முகம் கொண்டது: 38 பாகைக்கு மேல் காய்ச்சல், டொன்சிலில் வெள்ளைப் படலம் அல்லது சீழ்ப்புள்ளி, தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் நெறிகள், இருமல் இல்லாமை. நான்கும் ஒன்றாக இருந்தால், அதிலும் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள், வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். கவனிக்காத தொற்று சிலருக்கு வாதக்காய்ச்சலாகி இதய வால்வைத் தாக்கும். பெனிசிலின் போன்ற மருந்து பத்து நாள் என்று எழுதினால் பத்து நாள்தான். மூன்றாம் நாள் நோ நின்றதும் மீதியை அலுமாரியில் வைத்துத் தம்பிக்குப் பாவிக்கிற வழக்கம் இருக்கிறதே, அது அண்ணனுக்கும் கேடு, தம்பிக்கும் கேடு.

வீட்டு வைத்தியத்தில் எனக்குப் பிடித்தது உப்புத் தண்ணீர். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அண்ணாந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. கொப்பளிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். இதுதான் அந்த இரண்டாவது விதிவிலக்கு. கொத்தமல்லி அவித்த நீர், இஞ்சித் தேத்தண்ணீர், தேன் எல்லாம் தொண்டைக்கு இதம் தரும். நோயைக் கொல்லும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவவும் கூடாது. ஆவி பிடிப்பது வளர்ந்தவருக்குச் சுகமாக இருக்கும். நொச்சி இலை போட்ட கொதிநீர்ச் சட்டியைப் பிள்ளையின் மடியருகே வைத்துப் போர்வையால் மூடுவது வெந்துபோவதற்கான ஏற்பாடு.

சிலருடைய தொண்டை நோவுக்குக் கிருமியே காரணமில்லை. சூடடிப்பு நாட்களில் நெற்சுணையும் தூசியும், குப்பை எரிக்கும் புகை, இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதால் மேலே வரும் புளிப்பு. காலையில் மட்டும் தொண்டை எரிந்து பகலில் போய்விடுகிறதென்றால் மருந்தைவிட இராச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். வயலில் நிற்பவர்கள் வாயையும் மூக்கையும் துணியால் சுற்றிக்கொள்வது போதுமான பாதுகாப்பு அல்ல, ஆனால் சும்மா நிற்பதைவிட மேல்.

மீன்முள்ளுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்; மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது. கீரி, சூடை போன்ற முள் நிறைந்த மீன் குழம்பு, பேச்சுச் சுவாரசியத்தில் ஒரு வாய், அவ்வளவுதான். உடனே பாட்டி பெரிய சோற்றுருண்டை உருட்டிக் கொடுப்பார், அடுத்து வாழைப்பழம். சில நேரம் முள் இறங்கிவிடும் என்பதால் இந்த வழக்கம் பிழைத்திருக்கிறது. இறங்காதபோது உருண்டை முள்ளை ஆழமாக அடித்து இறக்கிவிடும், மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டி வந்தால் நிறைந்த வயிறும் தடையாகும். நான் பார்த்த ஒருவர், திருமண வீட்டிலிருந்து நேரே வந்தவர், ஒன்பது உருண்டை விழுங்கியிருந்தார். முள் டொன்சிலில், கண்ணுக்கு முன்னாலேயே, வெள்ளை நூல் போலக் குத்தி நின்றது. முதல் உருண்டைக்கு முன்பே வந்திருந்தால் அரை நிமிட வேலை.

ஆகவே: சாப்பாட்டை நிறுத்துங்கள். மெல்ல இரண்டு மூன்று தரம் இருமிப் பாருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். கண்ணாடியில் டோர்ச் அடித்துப் பார்த்து, நுனி தெளிவாகத் தெரிந்தாலும் விரலை விடாதீர்கள். எந்தப் பக்கம் குத்துகிறது என்று ஒரு விரலால் கழுத்தில் காட்டத் தெரிந்துகொள்ளுங்கள்; வைத்தியருக்கு அது பெரிய உதவி. நெஞ்சு நோ, இரத்த வாந்தி, கழுத்து வீக்கம் வந்தால் அவசரம். முள் போன பிறகும் கீறிய இடம் ஒரு நாள் உறுத்தும். ஒரு நாளுக்கு மேல் உறுத்தினால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூக்கு

ஆடி மாதம் கச்சான் வீசும்போது எங்கள் பக்கம் மூக்குகள் காய்ந்து வெடிக்கும். (கச்சான் காற்று ஒன்று, கச்சான் கடலை ஒன்று, மூக்குக்கு இரண்டுமே ஆகாது, இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.) காய்ந்த தோலைக் கிள்ளினால் இரத்தம். உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மெதுவான கீழ்ப்பகுதியை இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பத்து முதல் பதினைந்து நிமிடம். இடையில் விட்டுப் பார்க்கக்கூடாது. அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குத்தான் போகும். அரை மணிக்கு மேல் நிற்காவிட்டால் வைத்தியசாலை.

மூக்கு வாசலில் சிவந்து நோகும் சிறு கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள். மூக்கிலும் மேலுதட்டிலும் இருந்து திரும்பும் இரத்தக் குழாய்கள் மூளைக்கு அடியில் உள்ள நாளங்களோடு தொடர்புடையவை.

பீனிசம் பற்றிப் பேசும்போது நாட்களை எண்ணுங்கள். பச்சைச் சளி என்றவுடன் அன்டிபயோட்டிக் என்பது தப்புக் கணக்கு. வைரஸ் தடிமனிலும் சளி மஞ்சளாகும், பச்சையாகும். பத்து நாளுக்கு மேலும் குறையாமல் நின்றாலோ, ஐந்தாறு நாளில் குறைந்து மறுபடி காய்ச்சலோடு கூடினாலோ, தொடக்கத்திலேயே 39 பாகைக் காய்ச்சலும் கன்னத்தில் கடும் நோவும் மூன்று நான்கு நாள் நின்றாலோதான் பக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கக் கன்னம் மட்டும், கூடவே நாற்றம் என்றால் மேற்பல் ஒன்று சொத்தையாக இருக்கிறதா பாருங்கள்.

மூக்கடைப்புச் சொட்டு, அதாவது சைலோமெட்டாசொலின் வகை, ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் அதே மருந்து, வாரக்கணக்கில் விட்டால் தானே மூக்கை அடைக்கத் தொடங்கும். பிறகு சொட்டு இல்லாமல் தூக்கம் வராது. சட்டைப் பையில் போத்தலோடு திரியும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது (இதுதான் மூன்றாவது விதிவிலக்கு) அதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கிணற்று நீரையோ குளத்து நீரையோ நேரடியாக மூக்குக்குள் ஏற்றினால் அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா புகக்கூடும். அரை லீற்றர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் அப்பச்சோடா; அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள்.

இப்போது கச்சான் கடலை. பிள்ளைக்கு ஒரு மூக்கிலிருந்து மட்டும் நாற்றமான சளி வடிந்தால், வேறு நிரூபிக்கும்வரை உள்ளே ஏதோ இருக்கிறது: கச்சான், புளியங்கொட்டை, மஞ்சாடி, மாலை மணி, அழிறப்பர்த் துண்டு. ஊக்குப்போட்டு இழுத்தால் பின்னே போய் மூச்சுக்குழாயில் விழலாம். வீட்டில் முயலக்கூடியது ஒன்றே: மற்ற மூக்கை விரலால் மூடி, தாய் பிள்ளையின் வாயோடு வாய் வைத்து ஒரு சிறு ஊது. பல நேரம் மணி கன்னத்தில் வந்து விழும். பேட்டரி என்றால் இதையும் செய்து நேரத்தைப் போக்காமல் ஓடுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் குளிப்பவர்களுக்கு ஒரு மூக்கால் மட்டும் விட்டு விட்டு இரத்தம் வந்து, உள்ளே ஊர்வது போல இருந்தால் அட்டையாக இருக்கலாம். இழுக்காதீர்கள், காட்டுங்கள்.

வைத்தியசாலையில்

முதலில் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலை அல்லது ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு போதும். கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனைப் பக்கத்தவர்கள் எல்லாவற்றுக்கும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லை. தேவைப்பட்டால் அங்கிருந்தே காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். கடிதம் கையில் கிடைத்ததும் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே திரும்புங்கள். தவறான நாளில் விடியற்காலை பஸ் பிடித்து வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்து நான் களைத்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதைக் குறித்துக்கொண்டு போங்கள்: எந்தப் பக்கம், எந்த நாளில் தொடங்கியது, அதற்குமுன் தடிமனா குளிப்பா மீனா, என்ன மருந்து எத்தனை தரம், என்ன ஒவ்வாமை, சீனி வருத்தம் உண்டா. காதுக்குள் எதையாவது விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எண்ணெய் தேங்கிய காதில் செவிப்பறை தெரியாது, வைத்தியர் சுத்தம் செய்துதான் பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்து தந்தால் விடும் முறை இது. போத்தலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வையுங்கள். குளிர்ந்த மருந்து விழுந்தால் தலை சுற்றும். நோகாத பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும். வளர்ந்தவரானால் காதை மேலும் பின்னும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையானால் கீழும் பின்னும் இழுத்தால் பாதை நேராகும். போத்தல் நுனி காதில் படாமல் சொட்டுக்களை விட்டு, முன் மடலை நாலைந்து தரம் மெல்ல அழுத்தி, ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கவும். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் செவிப்பறையில் துளை இருக்கலாம், அடுத்த சொட்டுக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நோ போன பிறகும் பிள்ளையை ஒன்றிரண்டு மாதம் கவனியுங்கள். நடுக்காதில் நீர் தேங்கி நின்றால் நோவே இருக்காது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாது, வகுப்பில் ஆசிரியர் "கவனமில்லை" என்று எழுதி அனுப்புவார். அடிக்கப் போகாதீர்கள். கேட்டல் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.